லட்ச ரூபாய்க்கு இயர்போன்... காசுக்கு ஏத்த சத்தம் வருமா? வாங்கும் முன் கேட்டுப் பார்ப்பது எப்படி?

பார்த்தால் புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். விலையைக் கேட்டால் பலருக்குத் தலை சுற்றும். காதுக்குள் செருகிக்கொள்ளும் இன்-இயர் ஹெட்போன்கள் இன்று 500 ரூபாய்க்கும் கிடைக்கின்றன, ஒரு லட்சத்தைத் தாண்டியும் விற்கின்றன. ஒரு மாதச் சம்பளம், சிலருக்கு மூணு மாதச் சம்பளம், அந்தச் சின்ன டப்பாவுக்குள் போய்விடுகிறது.

அவ்வளவு காசு கொடுத்தால் அந்த அளவுக்குச் சத்தம் நல்லா இருக்குமா? கடையில் பத்து நிமிஷம் கேட்டு எப்படி முடிவு பண்ணுவது? இதற்கும் சென்னை பெசன்ட் நகரை ஒட்டியிருக்கும் ஊரூர் ஒல்காட் குப்பத்துக்கும் என்ன தொடர்பு? விரிவாகப் பார்க்கலாம்.

இன்-இயர் எங்கிருந்து வந்தது?

இது முதலில் பாட்டு கேட்பவர்களுக்காக வந்த பொருள் இல்லை. மேடையில் பாடுபவர்களுக்கும் காது கேட்காதவர்களுக்கும் வேலை செய்தவர்களிடமிருந்து வந்தது.

காது கேட்கும் கருவிகளுக்குள் இருக்கும் மிகச் சிறிய ஒலிபெருக்கிதான் பேலன்ஸ்டு ஆர்மச்சர். அதை வைத்து அமெரிக்காவின் எட்டிமோடிக் ரிசர்ச் நிறுவனம் 1991-ல் ‘ஈஆர்-4’ என்ற இன்-இயரைக் கொண்டு வந்தது. காதை நன்றாக அடைத்து, வெளிச் சத்தத்தை வெட்டி, துல்லியமாக ஒலி தருவதுதான் அதன் நோக்கம்.

1995 வாக்கில் இன்னொரு கிளை. வேன் ஹேலன் ராக் குழுவுக்கு மேடை ஒலி பார்த்துக்கொண்டிருந்த ஜெர்ரி ஹார்வி, டிரம்மர் அலெக்ஸ் வேன் ஹேலனுக்காக காது அச்சு எடுத்து ஒரு ஜோடி செய்தார். மேடையில் பெரிய ஸ்பீக்கர்களின் இரைச்சலில் தன் வாசிப்பே தனக்குக் கேட்காத நிலைதான் காரணம். அதிலிருந்து ‘அல்டிமேட் இயர்ஸ்’ நிறுவனம் உருவானது.

இன்றைக்கு நம்ம ஊர் சினிமா இசைக் கச்சேரிகளில் பாடகர்கள் காதில் மாட்டியிருப்பதும் இதே வகைதான். அதை இன்-இயர் மானிட்டர் என்பார்கள். வீட்டில் பாட்டு கேட்பவர்கள் வாங்கும் விலை உயர்ந்த மாடல்கள் இந்த வழியில் வந்தவையே.

விலை கூடினால் ஒலியும் கூடுமா?

2017-ல் ‘ஜர்னல் ஆஃப் தி அக்கூஸ்டிக்கல் சொசைட்டி ஆஃப் அமெரிக்கா’ இதழில் ஜெரோன் பிரீபார்ட் என்ற ஆய்வாளரின் கட்டுரை வந்தது. காதுக்குள் போடுபவை, காது மேல் வைப்பவை, காதை மூடுபவை என மொத்தம் 283 ஹெட்போன்களின் ஒலி அளவீடுகளை அவர் ஆராய்ந்தார். கீழ்ஸ்தாயியிலிருந்து மேல்ஸ்தாயி வரை எந்த அளவில் ஒலியைத் தருகிறது என்பதற்கும் விற்பனை விலைக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்த்தார்.

தொடர்பு இல்லை என்பதே முடிவு.

இதை வைத்து விலை உயர்ந்த எல்லாம் ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. உலோக வேலைப்பாடு, காதில் உட்காரும் விதம், கழற்றி மாட்டும் வயர், இடது-வலது பக்கங்களுக்குள் துல்லியமான பொருத்தம், உத்தரவாதம் இவற்றுக்கும் காசு போகிறது. ஆனால், விலைச்சீட்டைப் பார்த்து ஒலியின் தரத்தைக் கணிக்க முடியாது. 5,000 ரூபாய் மாடல் உங்கள் காதுக்கு ஒரு லட்ச ரூபாய் மாடலைவிட நன்றாகக் கேட்கலாம். கேட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

உள்ளே எத்தனை டிரைவர்? அது முக்கியமா?

விளம்பரங்களில் முதலில் கண்ணில் படுவது டிரைவர் எண்ணிக்கை. ஒலியை உண்டாக்கும் உறுப்பைத்தான் டிரைவர் என்கிறார்கள். முக்கிய வகைகள் இவை:

• டைனமிக்: சாதாரண ஸ்பீக்கரின் குட்டி வடிவம். ஒரு மெல்லிய சவ்வு முன்னும் பின்னும் அசையும். பேஸ் ஒலி இயல்பாக வரும் என்று பெயர்.

• பேலன்ஸ்டு ஆர்மச்சர்: காது கேட்கும் கருவியிலிருந்து வந்தது. மிகச் சிறியது என்பதால் ஒரே கூட்டுக்குள் பலவற்றை அடுக்கலாம்.

• பிளேனார்: தட்டையான சவ்வின் மேல் மின்தடம் ஓடும். காந்தங்களுக்கு நடுவில் சவ்வு முழுசாக அசையும்.

• எலக்ட்ரோஸ்டாட்டிக்: இன்-இயர்களில் பெரும்பாலும் மிக உயர்ந்த ஸ்தாயி ஒலிக்காக மட்டும் சேர்க்கப்படுவது.

2021-ல் வந்த சென்ஹைசர் ‘ஐஇ 900’ மாடலில் ஒரு காதுக்கு ஒரே ஒரு 7 மில்லிமீட்டர் டைனமிக் டிரைவர்தான். 64 ஆடியோ நிறுவனத்தின் ‘யு12டி’ மாடலில் ஒரு காதுக்கு 12 பேலன்ஸ்டு ஆர்மச்சர்கள். இரண்டுமே 1,000 டாலருக்கு மேல் விலை வைத்து வந்தவை, இரண்டுக்கும் ரசிகர்கள் உண்டு. ஒன்று போதுமா, பன்னிரண்டு வேண்டுமா என்பதில் நிறுவனங்களுக்கே ஒத்த கருத்து இல்லை. ஆக, டிரைவர் எண்ணிக்கையை வைத்து முடிவெடுப்பது, சமையல்காரர் எத்தனை பேர் என்று கேட்டு சாம்பார் ருசியைச் சொல்வது மாதிரி.

எதை வைத்து ஒப்பிடுவது? குப்பம் சொல்லும் பதில்

ஒரு இயர்போன் ‘இயல்பாக’ ஒலிக்கிறது என்று விமர்சகர்கள் எழுதுகிறார்கள். எதோடு ஒப்பிட்டு இயல்பு?

அமெரிக்காவில் 1973-ல் ஹாரி பியர்சன் தொடங்கிய ‘தி அப்சல்யூட் சவுண்ட்’ இதழ் இதற்கு ஒரு பதில் வைத்தது. மைக், ஸ்பீக்கர் எதுவும் இல்லாமல் உண்மையான இடத்தில் வாசிக்கப்படும் இசைதான் அளவுகோல் என்றது. எந்தக் கருவியும் அதற்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது என்று பார்க்க வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பதிவு செய்யப்பட்ட பாட்டு, ஏதோ ஒரு ஸ்டூடியோவில், ஏதோ ஒரு ஸ்பீக்கரில் கேட்டுச் சரிசெய்யப்பட்டது. அங்கே அது எப்படிக் கேட்டது என்று நமக்குத் தெரியாது. ஒலி ஆய்வாளர் ஃபிளாய்ட் டூல் இதைக் ‘குழப்ப வட்டம்’ என்கிறார். பாட்டை வைத்துக் கருவியை எடை போடுகிறோம், கருவியை வைத்துப் பாட்டை எடை போடுகிறோம்.

வட்டத்திலிருந்து வெளியே வர ஒரே எளிய வழி, வாத்தியத்தை நேரில் கேட்ட காது.

சென்னையில் அதற்கு ஒரு நல்ல உதாரணம் ஊரூர் ஒல்காட் குப்பம். எலியட்ஸ் கடற்கரைக்கும் அடையாறு முகத்துவாரத்துக்கும் இடையில் இருக்கும் மீனவர் பகுதி இது. பக்கத்திலேயே தியோசாபிகல் சொசைட்டி. அதன் நிறுவனர்களில் ஒருவரான கர்னல் ஹென்றி ஸ்டீல் ஒல்காட்டின் பெயர்தான் குப்பத்தின் பெயரிலும் இருக்கிறது.

2015-ல் இங்கே ‘ஊரூர் ஒல்காட் குப்பம் விழா’ தொடங்கியது. கர்நாடக இசைப் பாடகர் டி.எம்.கிருஷ்ணா, சுற்றுச்சூழல் செயற்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமன், குப்பத்து மக்கள், தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்திய விழா. சபாவுக்குள் மட்டும் கேட்ட கர்நாடக இசை, பரதநாட்டியம் எல்லாம் கடற்கரைக்கு வந்தன. பறையாட்டமும் வில்லுப்பாட்டும் அதே விழாவில் சமமாக நடந்தன. 2016-ல் கிருஷ்ணாவுக்கு ரமோன் மகசேசே விருது கிடைத்தபோது இந்த விழாவும் பேசப்பட்டது. பின்னாளில் இது ‘சென்னைக் கலைத் தெரு விழா’ என்று விரிந்தது.

அந்த விழா கேட்ட கேள்வி சமூகம் சார்ந்தது: எந்த இசை உயர்ந்தது, யார் கேட்கத் தகுந்தது என்று முடிவு செய்வது யார்? இயர்போன் வாங்குபவருக்கும் அதில் ஒரு பாடம் இருக்கிறது. பெரும்பாலான விமர்சனங்கள் மேற்கத்திய ஜாஸ், பாப், ராக் பாடல்களை வைத்தே எழுதப்படுகின்றன. தவிலும் பறையும் கடமும் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்தத் தீர்ப்பு அப்படியே பொருந்தணும்னு கட்டாயம் இல்லை. உங்களுக்கு எந்த ஒலி நேரில் பழக்கமோ, அதுதான் உங்கள் அளவுகோல்.

இன்னொரு விஷயம். சபாவில் கேட்கும் கச்சேரியும் பெரும்பாலும் மைக் வழியாக வருவதுதான். மைக் இல்லாத ஒலி வேண்டுமென்றால் தெருவில் அடிக்கும் பறை, மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயில் பங்குனி உற்சவத்தில் சாமி புறப்பாட்டோடு வரும் நாகஸ்வரம்-தவில், வீட்டில் யாராவது மீட்டும் தம்புரா, எதுவும் இல்லையென்றால் பக்கத்தில் உட்கார்ந்து பாடும் ஒரு குரல் போதும். இயர்போன் வாங்கும் முன் ஒரு மாதத்தில் இரண்டு மூன்று முறை இதைக் கவனித்துக் கேளுங்கள். செலவே இல்லாத சோதனைக் கருவி இதுதான்.

ஒரு எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். நேரில் கேட்கும்போது ஒலி காது மடலில் பட்டு, வளைந்து உள்ளே போகிறது. அதை வைத்துத்தான் முன்னாலா பின்னாலா, தூரமா பக்கமா என்று மூளை கண்டுபிடிக்கிறது. இன்-இயர் காது மடலைத் தாண்டி நேரே துவாரத்துக்குள் ஒலியை அனுப்புகிறது. அதனால், பாட்டு பெரும்பாலும் தலைக்குள்ளேயே கேட்கும். கடற்கரையில் நிற்பது மாதிரியே இருக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். வாத்தியத்தின் குரல், அடியின் வேகம், ஒலி அடங்கும் விதம், ஒன்றோடொன்று கலங்காமல் கேட்கிறதா என்பது: இவற்றைத்தான் ஒப்பிட முடியும்.

முதல் சோதனை: காதில் சரியாக உட்காருகிறதா?

இன்-இயர் விஷயத்தில் பாதிக் குறைகளுக்குக் காரணம் ரப்பர் முனைதான். காதுத் துவாரம் முழுசாக அடைபடவில்லை என்றால் பேஸ் வெளியே கசிந்துவிடும். லட்ச ரூபாய் மாடலும் தகரச் சத்தம் போடும்.

• பெட்டியில் வரும் சின்னது, நடு, பெரிசு மூன்று அளவையும் போட்டுப் பாருங்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்தணும்னு இல்லை.

• மறு கையால் காது மடலை மேலும் பின்னும் லேசாக இழுத்துக்கொண்டு செருகுங்கள். துவாரம் நேராகி, முனை சரியாக உட்காரும்.

• சிலிகான் முனை கழுவ எளிது. நுரை முனை காதின் வடிவத்துக்கு விரிந்து நன்றாக அடைக்கும், ஆனால் சீக்கிரம் தேயும்.

• வாயை அசைத்துப் பாருங்கள், பத்து அடி நடந்து பாருங்கள். பேஸ் குறைந்தாலோ, ஒரு பக்கம் மாறினாலோ பொருத்தம் சரியில்லை.

• குறைந்தது அரை மணி நேரம் போட்டிருங்கள். வலித்தால், ஒலி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது உங்களுக்கான பொருள் இல்லை.

காது அச்சு எடுத்துச் செய்யும் கஸ்டம் மாடல்கள் பொருத்தத்தில் சிறந்தவை. ஆனால் அச்சு உங்கள் காதுக்கு மட்டுமே பொருந்தும் என்பதால் பிடிக்கவில்லை என்றால் விற்பது கஷ்டம்.

எந்தப் பாட்டு போட்டுக் கேட்கணும்?

கடைக்காரர் போடும் டெமோ பாட்டு எல்லா இயர்போனிலும் நன்றாகவே கேட்கும். அதற்காகத்தான் அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பல வருஷமாகக் கேட்டு, ஒவ்வொரு இடமும் மனப்பாடமான நாலைந்து பாட்டுகளை நீங்களே எடுத்துப் போங்கள். இவை அதில் இருந்தால் நல்லது:

மிருதங்கம். இடது பக்கம் தொப்பி, வலது பக்கம் வலந்தலை. சாதாரணத் தோல் வாத்தியத்தில் கிளை ஒலிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது, அதனால் சுருதி தெளிவாக இருக்காது. மிருதங்கத்தில் வலந்தலையின் நடுவில் இருக்கும் கறுப்புச் சோறு அதை மாற்றுகிறது. கிளை ஒலிகள் அடிப்படை ஒலியின் முழு மடங்குகளாக அமைகின்றன. இதை விளக்கி 1920-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதியவர்கள் சி.வி.ராமனும் சிவகாளி குமாரும். ராமன் நம்ம சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். சரியான இயர்போனில் வலந்தலையின் சுருதி தெளிவாக நிற்கும், தொப்பியின் கும்கி தனியாகக் கேட்கும். தொப்பி வீங்கி வலந்தலையை மூடினால் பேஸ் தேவைக்கு மேல் இருக்கிறது. தொப்பி வெறும் ‘டப்’ என்று கேட்டால் பேஸ் போதவில்லை, அல்லது முனை பொருந்தவில்லை.

தம்புரா. கம்பிக்கும் குதிரைக்கும் நடுவில் வைக்கும் நூலால்தான் அந்த ரீங்காரம் பிறக்கிறது. தம்புரா, வீணை இரண்டின் குதிரை அமைப்பும் கிளை ஒலிகளை எப்படி வளமாக்குகிறது என்று 1921-ல் ராமன் எழுதியிருக்கிறார். கச்சேரிப் பதிவில் பாடகர் மூச்சு விடும் இடைவெளியில் தம்புராவைக் கவனியுங்கள். ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்டால் நுணுக்கம் நன்றாக இருக்கிறது. வெறும் ‘உம்ம்’ என்று கேட்டால் நுணுக்கம் குறைவு.

குரல். நன்கு பழகிய ஒரு ஆண் குரல், ஒரு பெண் குரல். மூக்கடைத்தது மாதிரியோ குழாய்க்குள்ளிருந்து வருவது மாதிரியோ கேட்கக் கூடாது. ‘ஸ’, ‘ஷ’ வரும் இடங்களில் காதைக் கிழித்தால் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே ஒலி எகிறுகிறது என்று அர்த்தம்.

நாகஸ்வரம். நேரிலேயே கம்பீரமான, கூரான ஒலி. நல்ல இயர்போனில் கூர்மை இருக்கும், குத்தல் இருக்காது. பத்து நிமிஷம் கேட்டபின் எடுத்து வைக்கத் தோன்றினால் யோசியுங்கள்.

பறை. ஒல்லியான நீளக் குச்சி, தடித்த குட்டைக் குச்சி இரண்டும் வேறு வேறு ஒலி தரும். இரண்டையும் பிரித்துக் கேட்க முடிகிறதா? அடி விழுந்த கணம் சுளீர் என்று வருகிறதா, மழுங்கி வருகிறதா? பல பறைகள் சேரும்போது கூட்டமாகக் கேட்கிறதா, ஒரே கூழாகவா?

நெரிசலான சினிமாப் பாட்டு ஒன்று. எலக்ட்ரானிக் பேஸ், தாரை தப்பட்டை, கோரஸ் எல்லாம் ஒன்றாக வரும் இடத்தில் பாடகரின் வரிகள் புரிகிறதா என்று பாருங்கள். நீங்கள் தினமும் கேட்கப்போவது இதுதான் என்றால், இந்தச் சோதனைக்குத்தான் முதலிடம்.

கடைசியாக, ஒரு மோனோ பதிவு. பழைய கறுப்பு வெள்ளைப் படப் பாட்டு ஏதாவது போதும். குரல் நெற்றிக்கு நடுவில் நிற்கணும். ஒரு பக்கம் சாய்ந்தால் இடது-வலது பொருத்தம் சரியில்லை. இயர்போனை இடம் மாற்றிப் போட்டும் அதே காதுப் பக்கம் சாய்ந்தால், சந்தேகம் இயர்போன் மேல் இல்லை. காது மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

சத்தம் கூடினால் ‘நல்லா இருக்கு’ன்னு தோணும்... ஏன்?

ஒரே பாட்டை இரண்டு இயர்போனில் போடுங்கள். ஒன்று ஒரு டெசிபல், இரண்டு டெசிபல் மட்டும் கூடுதலாக ஒலித்தால் போதும். ‘இது சத்தமா இருக்கு’ என்று மூளை சொல்லாது, ‘இதுல தெளிவு அதிகம்’ என்றுதான் சொல்லும். ஒப்பிடுபவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது.

ஒவ்வொரு மாடலும் ஒரே வால்யூமில் வேறு வேறு சத்தம் தரும். அதனால், மாடல் மாற்றும்போதெல்லாம் குரல் ஒரே அளவில் கேட்கும்படி வால்யூமைச் சரிசெய்த பிறகே ஒப்பிடுங்கள்.

இரண்டாவது பொறி, விலை. எது ஒரு லட்சம், எது பத்தாயிரம் என்று தெரிந்துவிட்டால் காது நடுநிலையாகக் கேட்காது. முடிந்தால் நண்பரைக் கூட்டிப் போங்கள். விலையைச் சொல்லாமல் அவர் மாற்றி மாற்றிக் கொடுக்கட்டும். எது பிடித்தது என்று எழுதி வைத்துவிட்டு, அப்புறம் விலையைக் கேளுங்கள்.

‘நூறு மணி நேரம் ஓட விட்டால்தான் ஒலி திறக்கும்’ என்று சொல்பவர்கள் உண்டு. பெரும்பாலும் மாறுவது இயர்போன் இல்லை, பழகிப்போவது நம்ம காதுதான். முதல் நாள் பிடிக்காததை, திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும் வரை ஓட விட்டுக் காத்திருக்க வேண்டாம்.

இணையத்தில் வரும் கிராஃபை நம்பலாமா?

நம்பலாம், ஆனால் படிக்கத் தெரிய வேண்டும். மனிதக் காதைப் போலச் செய்யப்பட்ட ஒரு கருவிக்குள் இயர்போனைச் செருகி அளந்து கோடாக வரைகிறார்கள். கோடு தட்டையாக இருந்தால் நல்லது என்று நினைப்பது தவறு. நம் காதுத் துவாரம் இயற்கையாகவே சுமார் 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலியைப் பெருக்கும். இன்-இயர் துவாரத்தை அடைத்துவிடுவதால், அந்த ஏற்றத்தைத் தானே தர வேண்டும்.

எவ்வளவு ஏற்றம் சரி என்பதற்கு, ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் தலைமையிலான ஆய்வாளர்கள் கேட்போரிடம் சோதனை நடத்தி ஒரு மாதிரிக் கோட்டை உருவாக்கினார்கள். அதுதான் ‘ஹார்மன் டார்கெட்’. பலருக்குப் பிடிப்பது எது என்று அது சொல்லும், உங்களுக்குப் பிடிப்பது எது என்று சொல்லாது.

பரவலாகப் பயன்படும் அளவுக் கருவியில் 8,000 ஹெர்ட்ஸ் பக்கம் தெரியும் ஒரு மேடு, கருவியின் விளைவாகவே இருக்கலாம். 10,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கோட்டை வைத்துச் சண்டை போடுவதில் பயனில்லை. கிராஃப், கேட்டுப் பார்க்க வேண்டிய மாடல்களை வடிகட்ட உதவும். கடைசித் தீர்ப்பு காதுடையது.

போன் போதுமா? தனி ஆம்ப் வாங்கணுமா?

இன்-இயர்கள் பெரும்பாலும் குறைந்த சக்தியிலேயே நன்றாக ஒலிக்கும். போனில் 3.5 மி.மீ. துளை இல்லை என்றால், நல்ல டாங்கிள் ஒன்று பலருக்குப் போதும்.

கவனிக்க வேண்டியது ஒன்று. பல பேலன்ஸ்டு ஆர்மச்சர் உள்ள மாடல்களின் மின்தடை, ஸ்தாயிக்கு ஸ்தாயி மாறும். ஆம்ப்பின் வெளியீட்டு மின்தடை அதிகமாக இருந்தால் இயர்போனின் குரலே மாறிவிடும். இயர்போனின் மின்தடையில் எட்டில் ஒரு பங்குக்குள் ஆம்ப் இருக்கணும் என்பது பொதுவான கணக்கு. 16 ஓம் இயர்போன் என்றால் ஆம்ப் 2 ஓமுக்குள்.

4.4 மி.மீ. பேலன்ஸ்டு பிளக் கூடுதல் சக்தி தரும். கூடுதல் சக்தி என்பதால் சத்தம் கூடும், சத்தம் கூடுவதால் ‘தெளிவு’ கூடியது போலத் தோன்றும். மேலே சொன்ன பொறி இங்கேயும் இருக்கிறது.

புளூடூத்? சிடி தரம் விநாடிக்கு 1,411 கிலோபிட். எல்டிஏசி முறையில் அதிகபட்சம் 990 கிலோபிட் போகும். நல்ல தரத்தில் சுருக்கப்பட்ட பாட்டுக்கும் சிடிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணை மூடிக் கண்டுபிடிப்பது பலருக்குச் சுலபமில்லை. மோசமாகப் பதிவான பாட்டை எந்த இயர்போனும் காப்பாற்றாது என்பதுதான் அதைவிடப் பெரிய உண்மை.

கடற்கரை ஊரில் வாங்குபவர்கள் கவனத்துக்கு

சென்னையில் வியர்வையும் உப்புக் காற்றும் சேர்ந்தால் உலோக இணைப்புகள் கறுக்கும். வயர் கழற்றி மாட்டும் இடத்தைத்தான் முதலில் பாதிக்கும். எலியட்ஸ் கடற்கரையில் நடந்துவிட்டு வந்தால், முனையைக் கழற்றித் துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிகா பையோடு டப்பாவில் வையுங்கள். ஒலிக் குழாயின் வலையில் காது அழுக்கு அடைந்தால் ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறையும். பழுது என்று நினைக்கும் முன் வலையைப் பாருங்கள்.

நன்றாக அடைக்கும் இன்-இயரைப் போட்டால் பின்னால் வரும் ஹாரன் கேட்காது. ரோட்டைக் கடக்கும்போது கழற்றி விடுங்கள், வண்டி ஓட்டும்போது போடவே வேண்டாம்.

வாங்கும்போது பில்லில் மாடல் பெயர், வரிசை எண் இருக்கணும். இந்தியாவில் உத்தரவாதம் உண்டா, பழுது பார்ப்பது யார், திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் என்று எழுத்தில் வாங்குங்கள். பிரச்சினை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம்.

காது போனால் திரும்ப வராது

இத்தனை சோதனையும் வீணாகும் ஒரு வழி இருக்கிறது. வால்யூமை ஏற்றி ஏற்றிக் கேட்பது.

உட்காதில் இருக்கும் நுண்ணிய மயிர் செல்கள் சேதமானால் மனிதர்களுக்கு மறுபடி முளைப்பதில்லை. 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. 3 டெசிபல் கூடும் ஒவ்வொரு முறையும் நேரம் பாதியாகக் குறையும். 90 டெசிபலில் வாரத்துக்கு 4 மணி நேரம். 100 டெசிபலில் 20 நிமிஷம்தான்.

போனின் அதிகபட்ச வால்யூமில் 60 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்பதும் அதன் அறிவுரை. ஆனால் அதிக உணர்திறன் உள்ள இன்-இயரில் அதற்குக் கீழேயே சத்தம் போதும். எண்ணைவிடக் காதைக் கவனியுங்கள்.

நன்றாக அடைக்கும் இன்-இயருக்கு இங்கே ஒரு நல்ல பக்கம் உண்டு. பஸ் இரைச்சல் வெளியே நின்றுவிடுவதால் குறைந்த வால்யூமிலேயே பாட்டு தெளிவாகக் கேட்கும். நல்ல இயர்போனின் அடையாளங்களில் ஒன்று இது: மெதுவாக வைத்தாலும் எல்லாம் கேட்கணும். கேட்டு முடித்தபின் காதில் ‘கொய்ய்ங்’ என்று சத்தம் நின்றால், அது எச்சரிக்கை. அடிக்கடி வந்தால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

சுருக்கமாகச் சொன்னால்...

1. விலையும் டிரைவர் எண்ணிக்கையும் ஒலித் தரத்துக்குச் சாட்சி இல்லை.

2. வாங்கும் முன் நிஜ வாத்தியத்தையும் நிஜக் குரலையும் நேரில் கேட்டுக் காதைத் தயார்படுத்துங்கள்.

3. ரப்பர் முனை பொருந்திய பிறகே ஒலியைப் பற்றிப் பேசுங்கள்.

4. உங்கள் பாட்டு, ஒரே அளவு சத்தம், விலை தெரியாமல் ஒப்பீடு.

5. குறைந்தது அரை மணி நேரம் கேளுங்கள், மெதுவான வால்யூமிலும் கேளுங்கள்.

6. பில், உத்தரவாதம், திருப்பிக் கொடுக்கும் கெடு மூன்றும் கையில் இருந்தால் மட்டும் காசை எடுங்கள்.

இத்தனையும் செய்து பார்த்த பிறகும் 5,000 ரூபாய் மாடலே உங்கள் காதுக்குப் பிடித்திருந்தால், தயங்காமல் அதையே வாங்கலாம். மிச்சக் காசில் சீசன் டிக்கெட்டோ, தெருக்கூத்துக்குப் போய்வர பஸ் செலவோ பார்த்துக்கொள்ளலாம். அடுத்த முறை இயர்போன் வாங்கும்போது காது இன்னும் தெளிவாகத் தீர்ப்பு சொல்லும்.